பந்தயக் குதிரைகளின் குளம்புக் கோளாறுகளும் லாடத்தால் அவற்றைத் திருத்தும் முறையும்

குதிரையை விலைக்கு வாங்குவோர் அதன் முகத்தையும், மார்பின் அகலத்தையும், காலெலும்பின் திண்மையையும் முதலில் நோக்குவது வழக்கம். குளம்பை எடுத்துப் பார்ப்போர் சிலரே. ஆயினும், குதிரை எவ்வளவு உயர்ந்த ஜாதியில் பிறந்ததாயினும், குளம்பு கெட்டுவிடுமாயின் அதனால் யாதொரு பிரயோஜனமும் இல்லை. ஓட்டத்திற்கென்றே வளர்க்கப்படும் பந்தயக் குதிரைகளில் இவ்வுண்மை மிகத் தெளிவாகப் புலப்படும்.

பந்தயங்களில் ஓடுபவை பெரும்பாலும் இங்கிலாந்தில் பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் உருவாக்கப்பட்ட தரோபிரெட் என்னும் ஜாதிக் குதிரைகளாம். இவற்றின் எடை சாதாரணமாக 450 முதல் 500 கிலோ வரை இருக்கும். முழு வேகத்தில் இவை மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகின்றன. அவ்வாறு ஓடுங்கால் ஒரே ஒரு முன்னங்கால் மாத்திரம் தரையில் ஊன்றும் கணம் ஒன்று உண்டு. அக்கணத்தில் அக்காலின்மேல் விழும் பாரம் உடலின் எடையைப் போல் சுமார் 2½ மடங்கு ஆகும். அதாவது, ஒரு டன்னுக்கு மேற்பட்ட பாரத்தை மனிதனுடைய விரித்த கையின் அளவேயுள்ள ஒரு குளம்பு ஏற்க வேண்டியிருக்கிறது. வேகத்தையே நாடித் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்ததில், இந்த ஜாதியின் குளம்புச் சுவர் மெலிந்தும் அடித்தட்டு தட்டையாகவும் அமைந்துவிட்டன. பாரம் மிகுதி, தாங்கும் சுவரோ மெல்லியது. குளம்புக் கோளாறுகளிற் பெரும்பாலானவற்றிற்கு இதுவே மூலகாரணமாகும்.

இக்கோளாறுகளைத் திருத்த விசேஷ லாடங்கள் பல உண்டு. அவற்றைப் பற்றி ஜனங்களிடையே ஒரு தப்பபிப்பிராயமும் உண்டு. லாடம் ஒரு மருந்து என்றும், அதைக் கட்டியதும் நோய் தீர்ந்துவிடும் என்றும் பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. லாடம் நோயைத் தீர்ப்பதில்லை. பாரத்தை நொந்த இடத்திலிருந்து நோவாத இடத்திற்கு மாற்றி வைக்கிறது. அந்த அவகாசத்தில் புதுக் குளம்பு வளர்ந்து பழையதன் இடத்தைப் பெறுகிறது. நோயைத் தீர்ப்பது அவ்வளர்ச்சியே. இதனை உணர்ந்தவர் லாடத்தைத் தக்கபடி உபயோகிப்பர். உணராதவர் லாடத்தாலேயே குதிரையை நொண்டியாக்குவர்.

குளம்பின் அமைப்பு

மாட்டின் குளம்பு இரண்டாகப் பிளந்திருப்பதையும், லாடம் கட்டுங்கால் ஒவ்வொரு பிளவிற்கும் தனித்தனியே தகடு வைக்கப்படுவதையும் குடியானவர்கள் அறிவர். ஒரு பிளவில் நோவு கண்டால் மாடு மற்றொன்றின்மேல் சிறிது சாய்ந்து நடக்கும். குதிரைக்கோ ஒற்றைக் குளம்பு. அத்தகைய வசதி அதற்கு இல்லை. ஆகையால், மாட்டைக் காட்டிலும் குதிரைக்கு லாடம் கட்டுவதில் நுட்பம் அதிகம் வேண்டும்.

வெளியே தென்படும் கடினமான பாகம் குளம்புச் சுவர். இது மயிர் முடியும் இடத்திலுள்ள விளிம்பிலிருந்து கீழ்நோக்கி வளர்கிறது. அவ்விளிம்பை மயிர்க்கோடு எனலாம். சுவரின் முன்பாகம் முனை என்றும், இரு புறங்களும் பக்கங்கள் என்றும், பின்பாகம் குதி என்றும் வழங்கப்படும். காலைத் தூக்கிப் பார்த்தால் அடித்தட்டும், அதன் பின்பாதியில் முன்னோக்கிக் கூம்பிய முக்கோண வடிவமான மெத்தை ஒன்றும் காணப்படும். இரப்பர்போல் இளகிய அம்மெத்தை அதிர்ச்சியைத் தாங்குவதோடு வழுக்காமலும் காக்கிறது. சுவரும் அடித்தட்டும் கூடுமிடத்தில் வெளிறிய கோடு ஒன்று ஓடும். அதற்கு வெள்ளைக் கோடு என்று பெயர். லாட ஆணி இக்கோட்டிற்கு வெளிப்புறமாகவே செல்ல வேண்டும். உட்புறம் முழுவதும் உயிருள்ள சதையாகும்.

குளம்பினுள் குளம்பெலும்பு என்னும் எலும்பு இருக்கிறது. இது அடித்தட்டின்மேல் உட்கார்ந்திருப்பதாகப் பலர் நினைக்கின்றனர். உண்மையில், சுவரின் உட்புறத்திலுள்ள சுமார் 600 மெல்லிய ஏடுகள், எலும்பைப் போர்த்த சதையிலுள்ள அதே மாதிரியான ஏடுகளோடு பின்னிப் பிணைந்து, எலும்பைத் தொங்கவிட்டாற் போலத் தாங்குகின்றன. எலும்பின் பின்புறத்தில் ஓடம் போன்ற சிற்றெலும்பு ஒன்று உண்டு. காலை மடக்கும் தசைநாண் இவ்வோட எலும்பின்மேல், கப்பியின்மேற் கயிறு செல்வதுபோல் வளைந்து சென்று, குளம்பெலும்பின் அடியிற் பற்றுகிறது.

குளம்புச் சுவர் மாதத்திற்குச் சுமார் 8 முதல் 10 மில்லிமீட்டர் வரை வளரும். மயிர்க்கோட்டிலிருந்து முனையின் தரைவிளிம்பை எட்ட 9 மாதம் முதல் ஒரு வருஷம் வரை செல்லும். குதியில் உயரம் குறைவாதலின் 4 அல்லது 6 மாதங்களில் புதுச் சுவர் இறங்கிவிடும். குளம்புச் சிகிச்சையில் காலத்தைக் கணக்கிட இவ்வளவைகளே ஆதாரம்.

முனை நீளுதலும் குதி சாய்தலும்

பந்தயக் குதிரைகளில் அதிகமாகக் காணப்படும் கோளாறு இதுவே. லாடம் கட்டிய குளம்பு தரையில் தேயாது. முனையோ இடைவிடாது வளரும். வாரங்கள் கழியக் கழிய முனை முன்னே நீளும். குதி அதனோடு இழுபட்டு முன்னோக்கிச் சாய்ந்து நசுங்கும். ஒரு காலத்தில் குதிரைப் பழக்குவோர் சிலர், முனை நீண்டால் எட்டு நீளும் என்று கருதி வேண்டுமென்றே அதனை விட்டுவைத்தனர். ஆராய்ச்சிகளால் இக்கொள்கை ஆதாரமற்றதென்று தெரிகிறது. நீண்ட முனை நெம்புகோல் போலாகி, கால் தரையைவிட்டுப் புரண்டெழுவதைத் தாமதப்படுத்துகிறது; அத்தாமதத்திற்கான விலையைத் தசைநாணும் ஓட எலும்பும் கொடுக்கின்றன.

இதனை எவரும் கண்ணாற் கண்டறியலாம். குதிரையைச் சமதரையில் நிறுத்திப் பக்கவாட்டிலிருந்து நோக்க வேண்டும். கணுவிலிருந்து குளம்பு வரை சாய்ந்து வரும் பாகத்தின் முன்விளிம்பும், குளம்பின் முன்விளிம்பும் ஒரே நேர்க்கோட்டில் அமைந்திருத்தல் ஆரோக்கியத்தின் அடையாளம். மயிர்க்கோட்டருகில் அக்கோடு பின்னோக்கி முறிந்து காணப்படுமாயின், முனை நீண்டு குதி தாழ்ந்திருக்கிறதென்று அறியலாம். 2004-ஆம் வருஷத்தில் வெளியான ஓர் ஆராய்ச்சி, குளம்பெலும்பின் அடி தரையோடு செய்யும் கோணம் ஒரு பாகை உயர்ந்தால் ஓட எலும்பின் மேலுள்ள அமுக்கம் சுமார் 4 விழுக்காடு குறையுமென்று காட்டிற்று. சிறு கோண வேறுபாடும் அற்பமன்று என்பது இதனால் விளங்கும்.

இதற்குரிய முதற் சிகிச்சை லாடமன்று, அரமே. நீண்ட முனையை அளவாகக் குறைத்து, நசுங்கிய குதியை நல்ல கொம்பு தெரியும்வரை ஒழுங்குசெய்து, அதன் பிறகு லாடத்தைச் சிறிது பின்னுக்குத் தள்ளி, முன்விளிம்பை உருட்டிக் கட்ட வேண்டும். அப்போது கால் எளிதிற் புரண்டெழும். லாடத்தின் பின்முனைகள் குதியின் கடைசிவரை எட்டித் தாங்குவது அவசியம். குட்டையான லாடத்தைக் கட்டி, அதற்கேற்பக் குளம்பை அராவிச் சிறிதாக்குவது பெருந்தவறு. குளம்புக்கு ஏற்ப லாடம் அமைய வேண்டுமேயன்றி, லாடத்திற்கு ஏற்பக் குளம்பைச் செதுக்குதல் கூடாது.

பக்க வெடிப்பு

குளம்பின் பக்கத்திலோ குதியை ஒட்டியோ மயிர்க்கோட்டிலிருந்து கீழ்நோக்கிச் சுவர் பிளப்பது பக்க வெடிப்பு எனப்படும். தரைவிளிம்பிலிருந்து மேலேறும் சிறு கீறல்கள் பெரும்பாலும் ஆபத்தற்றவை. மயிர்க்கோட்டில் தொடங்குவதே கொடியது. அது உயிருள்ள பாகத்தை எட்டுவதால் இரத்தம் கசியும், சீழ் பிடிக்கும், ஒவ்வொரு அடியிலும் வெடிப்பின் இரு விளிம்புகளும் ஒன்றோடொன்று உராய்ந்து வலியுண்டாக்கும்.

இவ்வெடிப்பிற்குப் பொதுவான காரணம் பாரம் சமமாக விழாமையே. இரு குதிகளில் ஒன்று மற்றதற்கு முன்பே தரையைத் தாக்குமாயின், அதன் மேலுள்ள மயிர்க்கோடு சிறிது சிறிதாக மேலே தள்ளப்படும். பின்னாலிருந்து பார்க்கும்போது ஒரு பக்கத்து மயிர்க்கோடு மற்றதைவிட உயர்ந்து காணப்படுவது, வெடிப்பு வருமுன்னரே கிடைக்கும் எச்சரிக்கையாகும். இந்நிலையில் கவனித்தால் குதியைச் சீர்செய்வதோடு காரியம் முடிந்துவிடும்.

வெடித்த பின்னர்ச் செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, வெடிப்பைச் சுத்தப்படுத்திச் சீழும் ஈரமும் இல்லாமற் செய்தல். இரண்டாவது, வெடித்த பக்கத்துக் குதியின் தரைவிளிம்பைச் சிறிது குறைத்து, லாடத்தின்மேற் படாதபடி விட்டு, இரு முனைகளையும் குறுக்குப் பட்டையால் இணைத்த லாடத்தைக் கட்டுதல். அப்பட்டை, நொந்த குதி ஏற்க வேண்டிய பாரத்தை முக்கோண மெத்தைக்கும் மற்றப் பாகங்களுக்கும் பகிர்ந்தளிக்கும். மூன்றாவது, வெடிப்பின் இரு விளிம்புகளும் அசையாவண்ணம் எஃகுக் கம்பியாற் பிணைத்து, அதன்மேல் அக்ரிலிக் என்னும் செயற்கைப் பசையால் ஒட்டுப்போடுதல். சீழ் உள்ளிருக்க ஒட்டுப்போட்டால் புண் உள்ளேயே புரையோடும். ஆகையால் இக்கடைசி வேலையில் அவசரம் கூடாது.

அமெரிக்காவில் 2008-ஆம் வருஷம் பிக் பிரவுன் என்னும் குதிரை மே மாதம் 3-ந் தேதி கென்டக்கி டெர்பியையும், 17-ந் தேதி பிரீக்னஸ் பந்தயத்தையும் வென்றது. மூன்றாவதான பெல்மான்ட் பந்தயத்தையும் வென்றிருந்தால், அந்நாட்டில் மும்முடி என்று போற்றப்படும் பெருஞ்சிறப்பு அதற்குக் கிடைத்திருக்கும். இரண்டாம் வெற்றிக்குப் பின் ஒரு வாரத்திற்குள் அதன் இடது முன்னங்குளம்பில் பக்க வெடிப்புக் கண்டது. கம்பியாற் பிணைத்துப் பின்னர் அக்ரிலிக் ஒட்டும் போட்டனர். ஜூன் 7-ந் தேதி நடந்த பெல்மான்ட் பந்தயத்தில், முன்னர்த் தோல்வியே அறியாத அக்குதிரை நடுவழியில் வேகம் தளர்த்தப்பட்டுக் கடைசியாக வந்தது. அன்றைய தோல்விக்கு வெடிப்புத்தான் காரணமென்று நிலைநாட்டப்படவில்லை. ஆனால் ஒரு கணக்கு மாத்திரம் தெளிவு. வெடிப்புக் கண்டதற்கும் பந்தயத்திற்கும் இடையே இருந்தது சுமார் இரண்டு வாரம். அக்காலத்தில் வளரக்கூடிய புதுச் சுவரோ 5 மில்லிமீட்டருக்கு மேற்படாது. ஒட்டு எவ்வளவு சாமர்த்தியமாகப் போடப்பட்டாலும் அது குளம்பாகிவிடாது; குளம்பு வளரும்வரை தாங்கும் முட்டே ஆகும்.

ஆணிக் காயமும் அழுகலும்

சுவர் மெல்லியதாதலின், இக்குதிரைகளுக்கு லாடம் அடிக்கும்போது ஆணி வெள்ளைக் கோட்டைத் தாண்டி உட்செல்வது எளிது. சதையைக் குத்தினால் குதிரை உடனே காலை இழுக்கும். சதையைக் குத்தாமல் நெருக்கி நின்றாலோ, இரண்டொரு நாள் கழித்தே நொண்டல் தோன்றும். லாடம் கட்டிய சில நாட்களுக்குள் குதிரை நொண்டினால், வேறு காரணம் தேடுமுன் ஆணியைச் சந்தேகிக்க வேண்டும். குளம்பைத் தொட்டால் சூடாயிருக்கும். கணுவின் பின்புறத்து நாடி பலமாகத் துடிக்கும். அந்த ஆணியை உடனே எடுத்துவிட வேண்டும். சீழ் கட்டியிருந்தால் கால்நடை மருத்துவர் கீழிருந்து சிறு வழி திறந்து வடியச் செய்வார்.

இங்கே ஒரு முக்கிய எச்சரிக்கை. வளர்ப்புப் பிராணிகளுள் இழுப்பு ஜன்னி என்னும் வியாதிக்கு மிக எளிதில் இரையாவது குதிரை. லாயத்து மண்ணிலும் சாணத்திலும் அதன் கிருமிகள் இருக்கும். குளம்பில் ஆணியோ முள்ளோ ஆழக் குத்திய குதிரைக்கு, முன்னரே தடுப்பூசி போட்டிராவிடில், அன்றைக்கே மருத்துவரிடம் காட்டி அதற்குரிய ஊசி போடுவிப்பது அவசியம். காயம் சிறியதென்று விட்டுவிட்டால் உயிரே போகலாம்.

முக்கோண மெத்தையின் இடுக்குகளில் கறுத்த கசிவும் துர்நாற்றமும் கண்டால் அது அழுகல் நோயாகும். மூத்திரமும் சாணமும் ஊறிய தரையும், குளம்பைத் தினந்தோறும் சுத்தம் செய்யாமையும் இதற்குக் காரணங்கள். உலர்ந்த படுக்கையும் அன்றாடச் சுத்தமும் இல்லாதவிடத்து எந்த மருந்தும் பயன்படாது.

குளம்பழற்சி

இதுகாறும் கூறியவை சுவரையும் அடியையும் பற்றிய கோளாறுகள். குளம்பழற்சியோ எலும்பைத் தாங்கும் ஏடுகளையே தாக்குவது. ஏடுகளின் பிணைப்புத் தளர்ந்தால், மேலிருந்து உடலின் பாரம் அழுத்த, பின்னிருந்து தசைநாண் இழுக்க, குளம்பெலும்பு முனை கீழ்நோக்கித் திரும்பும் அல்லது மொத்தமாகக் கீழிறங்கும். முற்றிய நிலையில் எலும்பின் முனை அடித்தட்டையே துளைத்து வெளிவருவதுமுண்டு.

இதற்குக் காரணங்கள் பல. தானியத் தீவனத்தை அளவுக்கு மீறித் தின்னுதல், உடற்கொழுப்பும் அதனாலுண்டாகும் சுரப்பிக் கோளாறும், கருப்பை முதலியவற்றில் ஏற்படும் கடுஞ்சீழ் நோய்கள் ஆகியவை பிரதானமானவை. நான்காவது காரணம் பந்தயக் குதிரைகளுக்குச் சிறப்பாக உரியது. ஒரு காலில் பலத்த காயம்பட்டு அதனை ஊன்ற முடியாத குதிரை, எதிர்க்காலின்மேலேயே வாரக்கணக்கில் நிற்கும். அந்த நல்ல காலில் இரத்த ஓட்டம் குன்றி அழற்சி தோன்றும்.

அமெரிக்காவில் 2006-ஆம் வருஷத்துக் கென்டக்கி டெர்பியில் வென்ற பார்பரோ என்னும் குதிரையின் முடிவு இதற்குச் சான்று. அது அதே மே மாதம் 20-ந் தேதி நடந்த பிரீக்னஸ் பந்தயத்தில் வலது பின்னங்காலெலும்பை முறித்துக்கொண்டது. பென்சில்வேனியா சர்வகலாசாலையின் கால்நடை மருத்துவமனையில் தகடும் திருகாணிகளும் வைத்து எலும்பைப் பொருத்தினர். ஜூலை மாதத்தில், காயம்படாத இடது பின்னங்காலில் குளம்பழற்சி கண்டது. அக்குளம்பின் சுவரில் 80 விழுக்காடு அகற்ற நேர்ந்தது. மாதக்கணக்கான சிகிச்சைக்குப் பின்னரும் வேதனை தீராமையால், 2007 ஜனவரி 29-ந் தேதி அக்குதிரைக்கு வலியின்றி முடிவு தேடப்பட்டது. 1973-ல் மும்முடியை வென்று பெரும்புகழ் பெற்ற செக்ரடேரியட்டும் 1989-ல் குளம்பழற்சியினாலேயே முடிவெய்தியது. செல்வமும் மருத்துவமும் குறைவின்றியிருந்த இடங்களிலேயே இந்நோய் இவ்வளவு கொடுமை செய்ததென்றால், வருமுன் காத்தலே சிறந்ததென்பது சொல்லாமலே விளங்கும்.

நோய் தொடங்கும்போது குதிரை முன்னங்கால்களை முன்னே நீட்டி, உடலின் பாரத்தைப் பின்னுக்கு வாங்கி நிற்கும், திரும்புவதற்கு அஞ்சும், குளம்புகள் சுடும். அப்பொழுதே குளம்புகளைப் பனிக்கட்டி நீரில் இடைவிடாது குளிர்வித்து, தீவனத் தானியத்தை நிறுத்தி, மருத்துவரை வரவழைக்க வேண்டும். நடக்கச் செய்தல் கூடாது. கொடுந்தறுவாய் தணிந்த பின்னர், முனையைக் குறைத்து, முக்கோண மெத்தைக்கு முட்டுக்கொடுக்கும் இருதய வடிவப் பட்டை லாடத்தை மருத்துவர் விதிக்கலாம். அப்பட்டை எங்கே முடிய வேண்டும், எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை எக்ஸ்ரே படம் பார்த்தே நிச்சயிக்க வேண்டும். இடம் தவறினாலும் அழுத்தம் மிகுந்தாலும் அதுவே இரத்த ஓட்டத்தைத் தடுத்துக் குளம்பைக் கெடுக்கும்.

திருத்த லாடங்களின் நன்மையும் தீமையும்

ஒவ்வொரு திருத்த லாடமும் ஓரிடத்துக்கு உதவி செய்து மற்றோரிடத்துக்குச் சுமை கூட்டுகிறது. இதனை மனத்திற் கொண்டே அவற்றைத் தெரிந்தெடுக்க வேண்டும்.

நேர்ப்பட்டை லாடம் குதியின் பாரத்தைக் குறைக்கும். ஆயினும் கனம் கூடும். முட்டை வடிவ லாடம் குதிக்குப் பின்னும் நீண்டு நின்று தாங்கும். ஆயினும் ஓடும்போது பின்னங்கால் அதனை மிதித்துப் பிடுங்கிவிடக்கூடும். குதியின்கீழ் வைக்கும் ஆப்புப் போன்ற திண்டு கோணத்தை உடனே உயர்த்தும்; ஆனால் அதே திண்டு பாரத்தைக் குதியின்மேல் ஏற்றி, நாளடைவில் நசுங்கிய குதியை மேலும் நசுக்கும். பசையால் ஒட்டும் லாடம், ஆணி தாங்காத மெல்லிய சுவருக்கு நன்று. ஈரமும் கிருமியும் அடியிற் சிக்கிக்கொள்ளாமல் ஒட்டுவதில்தான் திறமை வேண்டும். அலுமினிய லாடம் எஃகு லாடத்தின் கனத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. பந்தய நாளுக்கு அது ஏற்றது. விரைவில் தேயும் என்பது அதன் குறை.

லாடத்தின் முன்விளிம்பில் தரையைப் பற்றுவதற்கென முனைப்பல் வைக்கும் வழக்கம் அமெரிக்காவில் வெகுவாகப் பரவியிருந்தது. கலிபோர்னியாப் பந்தயக்களங்களில் இறந்த குதிரைகளை ஆராய்ந்து 1996-ல் வெளியிட்ட முடிவு, முன்னங்கால் லாடத்தில் சாதாரண அளவு முனைப்பல் வைத்த குதிரைகளுக்குக் கணுவைத் தாங்கும் தசைநாண் பந்தங்கள் அறுபடும் அபாயம், பல் இல்லாத குதிரைகளைவிடச் சுமார் 15 மடங்கு அதிகமென்று காட்டிற்று. குளம்பு தரையில் ஊன்றும்போது சிறிது வழுக்கிச் செல்வது இயற்கை. அவ்வழுக்கலே அதிர்ச்சியைத் தணிக்கிறது. பல் அதனைத் தடுத்துத் திடீரென்று நிறுத்துவதால் காலுக்குக் கேடு விளைகிறதென்று கருதப்படுகிறது. வேகத்திற்கென்று சேர்த்தது உயிருக்கே உலை வைத்தமைக்கு இஃது உதாரணம்.

குட்டிகளின் கோணற்கால்

கால் உள்நோக்கியோ வெளிநோக்கியோ கோணியிருக்கும் குதிரையை, லாடத்தால் நேராக்கிவிடலாம் என்பது மற்றொரு தவறான எண்ணம். எலும்பு வளரும் பருவத்தில் மாத்திரமே இது கூடும். கணுவினருகேயுள்ள வளர்ச்சி குட்டி பிறந்த முதல் மூன்று, நான்கு மாதங்களிலேயே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஆகையால், பிறந்த சில வாரங்களிலிருந்தே குட்டியின் நடையைக் கவனித்து, மருத்துவரின் யோசனைப்படி குளம்பைச் சிறிது சிறிதாக அராவிச் சமன்செய்வது பலன் தரும். வளர்ந்த குதிரையின் கோணற்காலை லாடத்தால் வலிந்து திருப்பினால் கால் நேராகாது, மூட்டுகள்தான் கெடும். அத்தகைய குதிரைக்கு, அதன் காலின் இயல்புக்கு ஏற்பப் பாரம் சமமாக விழுமாறு லாடம் அமைப்பதே முறை.

குதிரை வைத்திருப்போர் கவனிக்க வேண்டியவை

பந்தயக் குதிரைகளிற் கற்ற இப்பாடங்கள் சவாரிக் குதிரைக்கும் வண்டிக் குதிரைக்கும் பொருந்தும். கிராமங்களில் குதிரை வளர்ப்போரும், ஆடி மாதத்தில் அந்தியூரில் கூடும் குதிரைச் சந்தை போன்ற இடங்களில் விலைக்கு வாங்குவோரும் பின்வருவனவற்றைக் கைக்கொள்வது நலம்.

1. வாங்குமுன் நான்கு குளம்புகளையும் தூக்கிப் பார்க்க வேண்டும். சுவரில் வளையங்கள் தோன்றி, அவை முனையில் நெருங்கியும் குதியில் அகன்றும் இருந்தால், அக்குதிரைக்கு முன்னரே குளம்பழற்சி வந்திருக்கலாம். ஒட்டுப்போட்ட அடையாளமும், மயிர்க்கோட்டின் ஏற்றத்தாழ்வும் கவனிக்கத்தக்கவை.

2. லாடம் தேயாவிடினும் நாலு அல்லது ஐந்து வாரத்திற்கொருமுறை அதைக் கழற்றி, குளம்பைச் சீர்செய்து மறுபடியும் கட்ட வேண்டும். லாடம் தேயும்வரை காத்திருப்பது சிக்கனமன்று. குளம்பு தேயாமல் நீளுவதே அங்குள்ள கேடு.

3. காலை மாலை இருவேளையும் குளம்பின் அடியைச் சுத்தம் செய்து, சூட்டையும் நாடியையும் கையாற் பார்க்கும் பழக்கம் வேண்டும். தினமும் தொட்டுப் பார்ப்பவர்க்கே வேறுபாடு தெரியும்.

4. மழைக்காலத்தில் குளம்பு ஊறி மெதுவாகும். கோடையில் காய்ந்து வெடிக்கும். ஊறலும் காய்தலும் மாறிமாறி வருவதே அதிகக் கெடுதல். லாயத்தின் தரை சற்று உயர்ந்து, நீர் வடிந்து, உலர்ந்திருத்தல் வேண்டும்.

5. தீவனத்தைத் திடீரென்று மாற்றுதலும், கொள்ளு முதலிய தானியங்களைக் குதிரை தானே எட்டித் தின்னும்படி வைத்தலும் கூடாது. குளம்பு உரம்பெற பயோட்டின் என்னும் சத்தைத் தினம் 20 மில்லிகிராம் வீதம் கொடுத்துச் சோதித்ததில், சுமார் 9 மாதம் சென்ற பின்னரே குணம் தெரிந்தது. குளம்பு வளரும் வேகமே மருந்து பலிக்கும் வேகமாகும்.

6. லாடம் கட்டுவோரும் கால்நடை மருத்துவரும் கலந்து யோசித்தே திருத்த லாடத்தை நிச்சயிக்க வேண்டும். எலும்பின் நிலையைப் படத்திற் கண்டறிபவர் ஒருவர்; இரும்பை அதற்கேற்ப அமைப்பவர் மற்றொருவர். ஒருவர் வேலையை மற்றவர் செய்ய இயலாது.

சந்தைகளையும் திருவிழாக்களையும் நடத்தும் கிராம அலுவலர்களும் இதில் செய்யத்தக்கது உண்டு. குதிரைகள் கட்டும் இடத்தைச் சேறில்லாத மேட்டுநிலத்தில் அமைப்பதும், லாடம் கட்டுவோருக்குச் சமதரையும் நிழலும் ஒதுக்குவதும், கால்நடை மருத்துவருக்கு முன்கூட்டியே செய்தியனுப்புவதும் அதிகச் செலவில்லாத காரியங்கள். லாடம் கட்டும் தொழிலாளருக்கு உரிய கூலியை முகங்கோணாது கொடுப்பதும் குதிரைக்குச் செய்யும் நன்மையே. ஓர் ஆணியை எடுத்து மறுபடி சரியாக அடிக்கப் பிடிக்கும் கால்மணி நேரத்தை அவர் மனமுவந்து செலவிட்டால், குதிரை ஒரு மாதம் நொண்டாது நிற்கும்.